நோர்ஸ்மன் டிரையத்லான்: கறுப்புச் சட்டைக்கு 160 பேர் என்ற வரம்பு நியாயமா?

சங்கிலிவட்டு (கோவை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு கடற்கரை ஊர் ஒன்றில் முழுத் தொலைவு டிரையத்லானை முடித்ததிலிருந்து நார்வேயின் நோர்ஸ்மன் போட்டியைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். 2003 முதல் நடைபெறும் இப்போட்டிக்கு உலகெங்கிலுமிருந்து விண்ணப்பங்கள் குவிவதால், குலுக்கலில் பெயர் வந்தால்தான் இடம். ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 250 பேர்தான் கலந்துகொள்கிறார்கள்.

தொலைவுகள் நமக்குப் பழகியவைதான். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம் என்று 1978இல் ஹவாயில் தொடங்கிய அதே கணக்கு. ஆனால் இங்கே அதிகாலை 5 மணிக்கு, கார் ஏற்றிச் செல்லும் படகின் கதவிலிருந்து சுமார் 4 மீட்டர் கீழே ஹார்டங்கர் ஃபியூர்டில் (மலைகளுக்கிடையே நீண்டு செல்லும் கடல்நீர்ப் பிளவு) குதித்து நீந்த வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சைக்கிளில் ஹார்டங்கர்வித்தா மேட்டுநிலத்துக்கு ஏறிக் கடந்து, கடைசியில் 1,850 மீட்டர் உயரத்தில், கௌஸ்தாதொப்பன் சிகரத்துக்குச் சற்றுக் கீழே ஓட்டத்தை முடிக்க வேண்டும். மூன்று பகுதிகளிலும் சேர்த்து ஏற்றம் 5,000 மீட்டரைத் தாண்டுகிறது.

நான் விவாதிக்க விரும்புவது ஒரு விதியைப் பற்றி. ஓட்டத்தின் 32.5ஆவது கிலோமீட்டரை முதலில் எட்டும் 160 பேர் மட்டுமே சிகரப் பாதையில் அனுமதிக்கப்படுகிறார்கள். அவர்களுக்குக் கறுப்புச் சட்டை. மற்றவர்கள் தாழ்வான வேறொரு பாதையில் அதே 42.2 கிலோமீட்டரை முடித்து வெள்ளைச் சட்டை பெறுகிறார்கள். என்னால் இதை ஏற்க முடியவில்லை. இவ்வகைப் போட்டியில் ஒருவர் மோதுவது குளிரோடும் மலையோடும்தானே? அப்படியிருக்க, ஒரே மனிதர் ஒரே நேரத்தில் அந்த இடத்தை எட்டினாலும், உடன் வந்தவர்கள் மெதுவாக வந்த ஆண்டில் கறுப்பும் விரைந்து வந்த ஆண்டில் வெள்ளையும் பெறுவார் என்றால், அந்தச் சட்டை எதை அளக்கிறது?

ஃபியூர்ட்கரை (பேர்கன்) எழுதியது:

தம்பி, கேள்வி நல்ல கேள்வி. நான் யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேக்கு வந்து முப்பது வருடங்களுக்கு மேலாகிறது. இந்தப் போட்டியில் நான் ஓடியதில்லை. என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவருக்கு உதவியாளராகப் போனேன். ஓடியவரைவிட உதவியாளன் இந்த 160 கணக்கின் காரணத்தை நன்றாகப் பார்க்கிறான் என்பது என் எண்ணம்.

நோர்ஸ்மனில் வழி நெடுகத் தண்ணீரும் வாழைப்பழமும் நீட்டும் மேசைகள் இல்லை. ஒவ்வொரு போட்டியாளரும் தம் உதவியாளரையும் காரையும் தாமே கொண்டுவர வேண்டும். உணவு, உடை, சக்கரக் குழாய், திட்டு, தேற்றல் எல்லாம் அந்தக் காரிலிருந்துதான். அன்று விடிய மூன்று மணிக்கே எய்ட்ஃபியூர்டில் எழுந்துவிட்டோம். நண்பரைப் படகில் ஏற்றிவிட்டுக் கரையில் நின்றேன். படகின் தளத்தில் குழாயால் ஃபியூர்ட் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருப்பார்களாம். குதிக்குமுன் உடம்பு குளிருக்குப் பழகட்டும் என்று ரப்பர் உடைக்குள் அந்தத் தண்ணீரை விட்டுக்கொள்வார்களாம். தண்ணீர் பெரும்பாலும் 13 முதல் 15 பாகை வரைதான் இருக்கும்.

நண்பர் கரையேறியபோது வாய் கோணிப் பேச்சுக் குழறியது. தலைக்கவசத்தின் கொக்கியை மாட்ட அவருடைய விரல்களுக்கு வலு இல்லை. பிளாஸ்டிக் கொக்கியின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து அமுக்குவதற்கு எவ்வளவு சின்ன வலு போதும் என்று நினைத்துப் பாருங்கள். அதுகூட அவரிடம் இல்லை. நான்தான் மாட்டிவிட்டேன். ஈரத்தைத் துடைத்துக் கம்பளி உள்ளாடையைப் போட்டுவிட்ட பிறகுதான் என் தவறு தெரிந்தது: உலர்ந்த கையுறைகளைக் காரின் பின்பெட்டியில் வேறு பையில் வைத்துவிட்டேன். நான் ஓடிப்போய் எடுத்து வருவதற்குள் அவர் புறப்பட்டுவிட்டார்.

அங்கிருந்து வீதி மோபோதால் பள்ளத்தாக்கு வழியாக, சுரங்கப்பாதைகளுக்குள் நுழைந்து வெளிவந்து, 182 மீட்டர் விழும் வோரிங்ஃபொஸ் அருவியைத் தாண்டி, சுமார் 1,250 மீட்டர் உயரத்திலுள்ள டைரானுத் வரை ஏறுகிறது. மேலே மரமே இல்லை. ஓகஸ்ட் மாதம்தான், ஆனால் மழையோடு 4 பாகை. காட்டு மான்கள் திரியும் அந்த வெட்டவெளியில் எதிர்க்காற்று அடித்தால், இறக்கத்தில்கூட மிதித்தால்தான் சைக்கிள் நகரும். டைரானுத்தில் நான் கையுறையை நீட்டியபோது அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த மௌனம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இனி உங்கள் கேள்வி. ஓட்டத்தில் 37.5ஆவது கிலோமீட்டரில் ஸ்தாவ்ஸ்ரூ என்ற இடத்தோடு தார்வீதி முடிகிறது. அதற்குமேல் 4.7 கிலோமீட்டரும் கற்பாறை. பாதை என்று சொன்னாலும், ஆளுயரக் குவியலிலிருந்து சரிந்து கிடக்கும் கற்களின்மேல் கால் வைத்து ஏறுவதுதான். அங்கே போட்டியாளர் தனியே போக முடியாது. உதவியாளர் கூடவே ஏற வேண்டும். இருவர் முதுகிலும் சூடான உடை, மழைச்சட்டை, தலைவிளக்கு, உணவு, தொலைபேசி அடங்கிய பை இருக்க வேண்டும். 160 போட்டியாளர் என்றால் 320 பேர். மாலையில், மூடுபனியில், களைத்துப்போன 160 பேரும் அவர்களைத் தாங்கிப் பிடிக்கும் 160 பேரும் அந்தக் கற்களில் நிற்கிறார்கள்.

மேலே போன பிறகு இறங்க வேண்டுமே! அந்த மலைக்குள்ளே 1950களில், பனிப்போர்க் காலத்தில், வானொலிக் கோபுரத்துக்கு ஆட்களைக் கொண்டு போவதற்காகக் குடைந்த சாய்வு ரயில் ஒன்று இருக்கிறது. பெயர் கௌஸ்தாபானன். முடித்தவர்கள் பலரும் அதில்தான் இறங்குகிறார்கள். சின்னஞ்சிறு பெட்டி, வரிசையில் நடுங்கிக்கொண்டு காத்திருந்தோம். 250 போட்டியாளரும் 250 உதவியாளரும் அந்த வரிசையில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 160 என்பது மலை தாங்கும் கணக்கு. பரிசுக்காகப் போட்ட வரம்பு என்று நான் நினைக்கவில்லை.

சங்கிலிவட்டு எழுதியது:

அண்ணா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. மலை தாங்கும் கணக்கு என்பதை ஏற்கிறேன். ஆனால் அது எத்தனை பேரை மேலே விடலாம் என்பதற்குத்தான் விடை. சட்டைக்கு இரண்டு நிறம் எதற்கு என்பதற்கு விடையாகாது. பாதுகாப்புக்காகப் பாதையைப் பிரியுங்கள், சட்டையை ஏன் பிரிக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

தொடுமலை எழுதியது:

இதில் ஒப்பிட ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கெல்ட்மன் போட்டியிலும் இரு பாதைகள் உண்டு. 3.4 கிலோமீட்டர் நீச்சலை ஜெல்லி மீன்களுக்கு நடுவே முடித்து, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துவிட்டு ஓடும்போது, குறிப்பிட்ட நேரத்துக்குள் மலையடியை எட்டியவர்கள் பெய்ன் எய் மலைமுகட்டின் மீதும் மற்றவர்கள் தாழ்வான பாதையிலும் அனுப்பப்படுகிறார்கள். அங்கேயும் சட்டை வேறுதான்: மேலே போனவருக்கு நீலம், மற்றவருக்கு வெள்ளை. ஆனால் வரம்பு நேரத்தில் இருக்கிறது, தரவரிசையில் இல்லை. எனவே சங்கிலிவட்டின் ஆட்சேபத்துக்கு அங்கே இடமில்லை. உங்கள் சட்டையின் நிறம் உங்கள் கடிகாரத்தைப் பொறுத்தது.

சுவிட்சர்லாந்தின் சுவிஸ்மன் மூன்றாவது வழியில் செல்கிறது. மஜ்ஜோரே ஏரியில் நீந்தி, கோத்தார்ட், ஃபுர்கா, கிரிம்சல் என்று மூன்று கணவாய்களைச் சைக்கிளில் கடந்து, ஐகர் மலையின் அடிவாரத்திலுள்ள கிளைன ஷைடெக்கில் எல்லாரும் ஒரே இடத்தில் முடிக்கிறார்கள். அங்கே மேலே ரயில் நிலையமே இருக்கிறது. பெரிய ரயில்கள் வந்து போகின்றன. பேர்கன் அண்ணன் சொன்ன கணக்கு இங்கே பொருந்துவதைக் கவனியுங்கள்: இறங்கும் வழி எவ்வளவு அகலமோ அவ்வளவு பேரை மேலே அனுமதிக்கிறார்கள்.

ஆனாலும் நேர வரம்புக்கு ஒரு குறை உண்டு. வானிலை நன்றாக அமைந்த ஆண்டில் எல்லாருமே நேரத்துக்குள் வந்துவிட்டால், மலையில் நெரிசல் தவிர்க்க முடியாததாகிவிடும். தரவரிசை வரம்பில் அந்த இடர் இல்லை. நோர்ஸ்மனிலும் நேர வரம்பு தனியே இருக்கிறது என்பதையும், வானிலை கெட்டால் சிகரப் பாதையையே மூடிவிடும் உரிமை அமைப்பாளர்களிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நாடித்துடிப்பு எழுதியது:

நான் மருத்துவர். சட்டை விவாதத்தில் எனக்குக் கருத்து இல்லை; ஆனால் கோவைக்காரர் ஒருவர் 13 பாகைத் தண்ணீரில் குதிக்கத் திட்டமிடுகிறார் என்பதால் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

குளிர்ந்த நீரில் விழுந்த முதல் இரண்டு மூன்று நிமிடங்கள்தாம் மிக ஆபத்தானவை. தோல் திடீரென்று குளிர்ந்ததும் நம்மை மீறி மூச்சு உள்ளே இழுக்கப்படும். பிறகு கட்டுப்பாடில்லாமல் வேகமாக மூச்சு வாங்கும். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறும். அந்த முதல் இழுப்பு தண்ணீருக்கடியில் நிகழ்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இதற்கு உடம்பைப் பழக்கலாம். சில நாள் இடைவெளியில் ஐந்தாறு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நிமிடம் குளிர்ந்த நீரில் கழுத்துவரை அமிழ்ந்து எழுந்தாலே இந்த அதிர்ச்சி கணிசமாகக் குறையும். கோவையில் ஐஸ் கம்பெனியில் பார் ஐஸ் வாங்கி, பெரிய தண்ணீர்த் தொட்டியில் உடைத்துப் போட்டுச் செய்யலாம். தனியாக ஒருபோதும் செய்யாதீர்கள். அருகில் ஒருவர் நிற்க வேண்டும். இதயக் கோளாறோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யவே கூடாது.

அடுத்தது, பேர்கன் நண்பர் கண்ட குழறலும் வலுவிழந்த விரல்களும். நீரிலிருந்து வெளியே வந்த பிறகும் உடலின் உள்வெப்பம் சிறிது நேரம் தொடர்ந்து இறங்கும். கரையேறியாயிற்று, பிழைத்தோம் என்று நினைக்கும் வேளையில்தான் நடுக்கம் உச்சத்துக்குப் போகும். அந்த நிலையில் சைக்கிளில் ஏறினால் கைப்பிடி ஆடும். ஈர உடையைக் கழற்றித் துடைத்து, உலர்ந்த உடை போட ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவிட்டால், பின்னால் ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

மூன்றாவது, பலர் அறியாத ஒன்று. குளிர்நீரில் கடுமையாக நீந்தும்போது கைகால்களிலுள்ள இரத்தம் மார்புப் பக்கம் தள்ளப்பட்டு, நுரையீரலின் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் காற்றறைகளுக்குள் கசியக்கூடும். முற்றிலும் நலமாக உள்ளவர்களுக்கும் இது வருவதுண்டு. நோர்ஸ்மன் போட்டியாளர்களிடம் நார்வே மருத்துவர்கள் இதைப் பற்றி ஆய்வு செய்திருக்கிறார்கள். மூச்சு முட்டி, இருமல் வந்து, வாயில் இரத்தச் சுவையோ இளஞ்சிவப்பு நுரையோ தெரிந்தால் உடனே கையை உயர்த்திக் காயக்கில் இருப்பவரை அழைக்க வேண்டும். இன்னும் ஐந்நூறு மீட்டர்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நீந்தக் கூடாது.

வெண்சட்டை (ஸ்டுட்கார்ட்) எழுதியது:

என் பெயரைப் பார்த்ததுமே புரிந்திருக்கும். நான் முடித்தேன், வெள்ளைதான் கிடைத்தது.

ஆஸ்ட்பிக்தவில் சைக்கிளை விட்டு இறங்கியபோது எத்தனையாவது இடம் என்று என் கணவரிடம் கேட்டேன். 171 என்றார். முதல் 25 கிலோமீட்டர் ஓட்டம் தின்ஷோ ஏரியின் கரையோரமாக, ஏறத்தாழச் சமதளத்தில் போகிறது. 460 மீட்டர் ஆழமுள்ள ஏரி அது. 1944 பிப்ரவரியில் ஜெர்மானியர்கள் அணு ஆய்வுக்கான கனநீரை ஏற்றிச் சென்ற ஹைட்ரோ என்ற படகை நார்வே எதிர்ப்புப் படையினர் வெடிவைத்து மூழ்கடித்தது இந்த ஏரியில்தான். போகும் முன் அதையெல்லாம் ஆர்வமாகப் படித்து வைத்திருந்தேன். ஓடும்போது ஏரியைத் திரும்பிப் பார்த்தேனா என்று கேட்டால், இல்லை. முன்னால் ஓடுபவரின் முதுகைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு முதுகும் ஓர் எண்.

ரியூகன் ஊருக்கு அருகே ஏற்றம் தொடங்குகிறது. ஸோம்பி மலை என்று அதற்குப் பெயர் வைத்தவர் அங்கே நின்று பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும். ஏழரைக் கிலோமீட்டர், கொண்டை ஊசி வளைவுகள், நூற்றுக்குப் பத்து என்ற சரிவு. அங்கே ஓடுபவர்கள் மிகச் சிலர். மற்ற எல்லாரும் நடக்கிறோம். என் கணவர் என்னோடு நடந்து வந்தார், ஒரு கையில் குளிர்ந்துபோன உருளைக்கிழங்கு, மறு கையில் கோலா. 168 என்றார். பிறகு 165. பிறகு 166. யாரோ ஒருவர் என்னைத் தாண்டியிருக்கிறார், எனக்குத் தெரியவே இல்லை. 32.5இல் நான் 164.

சங்கிலிவட்டு, அந்த நேரத்தில் நீங்கள் கேட்ட அதே கேள்வியைத்தான் நானும் கேட்டேன், இவ்வளவு நாகரிகமான சொற்களில் அல்ல. நான்கு பேர்! நீச்சல் முடிந்து உடை மாற்றும் இடத்தில் நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று இன்றும் கணக்குப் பார்க்கிறேன். ஆனால் விதியை மாற்ற வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். அந்த 160 இல்லாமல் இருந்திருந்தால் ஏரிக்கரையில் நான் அப்படி ஓடியிருக்கவே மாட்டேன். நேர வரம்பு மட்டும் இருந்தால் மனம் கணக்குப் போட்டு, இருக்கும் அவகாசத்துக்கு ஏற்றபடி மெதுவாகிவிடும். எனக்கு முன்னால் இருப்பவரின் மனத்தில் என்ன ஓடுகிறது என்று தெரியாததால்தான் நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

வெள்ளைச் சட்டையை இப்போதும் போட்டுக்கொள்கிறேன். கொஞ்சம் எரிச்சலோடுதான்.

தொடுமலை எழுதியது:

அக்கா சொன்னதற்கு மறுமொழியாக ஒன்று. வரம்பு உங்களை விரட்டியது உண்மை. ஆனால் 164ஆவது இடத்தில் நின்றவரை விரட்டிய அதே வரம்பு, 220ஆவது இடத்தில் வருபவரைச் சைக்கிளின் பாதி வழியிலேயே கைவிட்டுவிடுகிறது. இனி எட்டாது என்று தெரிந்த பிறகு அவர் எதற்காக விரைய வேண்டும்? நேர வரம்பென்றால் அவருக்கும் இறுதிவரை ஓர் இலக்கு இருக்கும். இந்தக் கேள்விக்கு நோர்ஸ்மனிடம் பதில் இல்லை என்றே நினைக்கிறேன்.

வெண்சட்டை எழுதியது:

முடிப்பதுதான் அவருடைய இலக்கு. அவர்களில் சிலரோடு பேசியிருக்கிறேன். கறுப்பை நினைத்தே வராதவர்கள் பலர். ஆனாலும் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை.

சங்கிலிவட்டு எழுதியது:

என் கருத்தில் பாதி மாறிவிட்டது, பாதி அப்படியே இருக்கிறது. இரு பாதைகள் வேண்டும் என்பதில் இனி எனக்கு ஐயமில்லை. தரவரிசையா நேரமா என்பதில் நான் இன்னும் தொடுமலை பக்கம்தான்.

விண்ணப்பிக்கலாம் என்று முடிவு செய்திருப்பதால், நடைமுறைக் கேள்விகள் இரண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு வாரம் ஒருமுறை ஏறுகிறேன். ஏறத்தாழ 33 கிலோமீட்டரில் 1,400 மீட்டருக்கு மேல் ஏற்றம். டைரானுத் ஏற்றத்துக்கு இது போதுமான பயிற்சியா? இரண்டாவது, முன்பக்கம் 50-34, பின்பக்கம் 11-28 பல்சக்கரங்கள் வைத்திருக்கிறேன். மாற்ற வேண்டுமா?

ஃபியூர்ட்கரை எழுதியது:

பயிற்சிக்கு அந்த ஏற்றம் மிகையாகவே போதும் தம்பி. டைரானுத் ஏற்றம் நீளம் கூடியது, சரிவு அதைவிடக் குறைவு. ஆனால் நண்பரைக் கவிழ்த்தது முதல் ஏற்றமில்லை. கெய்லோவைத் தாண்டிய பிறகு, பாதித் தொலைவு போனபின், அடுத்தடுத்து நான்கு ஏற்றங்கள் வருகின்றன, கடைசி இமிங்ஃபெல். பேரில்லாத அந்த நடு ஏற்றங்களில்தான் அவர் வயிறு மறுத்தது. மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து எடுக்க வேண்டும் என்று ஏட்டில் எழுதி வைத்திருந்தார். ஐந்தாவது மணியில் இனிப்புக் கூழின் பெயரைச் சொன்னாலே குமட்டினார். உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கும் சூடான கோழிச் சாறும்தான் காப்பாற்றின. எனவே கோத்தகிரிக்குப் போய்த் திரும்பி, உடனே மறுபடியும் ஏறுங்கள். இரண்டாவது ஏற்றத்தில் சாப்பிட்டுப் பழகுங்கள். மேலே இருந்து இறங்கும்போது ஈரச் சட்டையோடு ஒருமுறை இறங்கிப் பாருங்கள், குளிரில் பிரேக்கைப் பிடிக்கும் விரல் எப்படி இருக்கும் என்று கொஞ்சமாவது தெரியும்.

தொடுமலை எழுதியது:

பின்பக்கம் 11-32 போடுங்கள், 34 கிடைத்தால் இன்னும் நல்லது. 28 பல்லோடு கோத்தகிரி ஏறலாம். அதற்குப் பிறகு மராத்தான் ஓட வேண்டியிருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். மேட்டுநிலத்தில் எதிர்க்காற்றுக்குக் குனிந்து கொள்ள முன்னீட்டுக் கைப்பிடியும் வேண்டும். சுரங்கப்பாதைகளுக்கு விளக்கு கட்டாயம்.

வெண்சட்டை எழுதியது:

இதையெல்லாம் கேட்டவர் முதலில் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. உங்களோடு மேலே ஏறப்போவது யார்?

சங்கிலிவட்டு எழுதியது:

என் மச்சான். நன்றாகக் கார் ஓட்டுவார், வழி தவற மாட்டார், சமையலும் தெரியும். ஆனால் மருதமலைக்குக்கூடப் பேருந்தில்தான் போவார். அந்த 4.7 கிலோமீட்டர் கல்லில் அவரும் ஏற வேண்டும் என்பது பேர்கன் அண்ணன் எழுதிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டு உதவியாளர்களை அழைத்துப் போகலாமா, ஒருவர் காருக்கு, ஒருவர் மலைக்கு?

ஃபியூர்ட்கரை எழுதியது:

இரண்டு பேர் வருவது வழக்கம்தான். நாங்கள் ஸ்தாவ்ஸ்ரூவில் நின்றபோது முன்னால் நின்ற போட்டியாளரை விட்டுவிட்டு, பை சரியாக இருக்கிறதா என்று அவர் உதவியாளரைத்தான் அதிக நேரம் சோதித்தார்கள். குலுக்கலில் பெயர் வந்தால் எழுதுங்கள். மலைக்கு ஆள் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன். இந்த முறை கையுறையை என் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன்.